கடலூர் – புதுச்சேரி பேருந்துச் சேவை: அன்றாடப் பயணி ஒருவரின் மதிப்பீடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏறிப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்குவது பல ஆண்டுகளாக என் அன்றாட வழக்கம். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேற்படாத இந்தத் தடத்தில் தமிழக அரசுப் பேருந்து, புதுச்சேரி அரசுப் பேருந்து, தனியார் பேருந்து ஆகிய மூன்றும் ஓடுவதால், பகலில் நெடுநேரம் காத்துக்கிடக்க வேண்டியதில்லை என்பதே இச்சேவையின் பெரும்பலம்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்குள் வரும்வரை, சுங்கச் சோதனையைத் தாண்டித்தான் இந்தச் சாலையில் போக முடியும். என் பள்ளிப் பருவத்தில் பேருந்தின் பக்கவாட்டில் 'தந்தை பெரியார்' என்றிருந்த பெயர், 1997இல் எல்லா அரசுப் போக்குவரத்துக் கழகங்களிலும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது, 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று மாறியது. பெயர் மாறியதால் பயணிக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. 2020 ஊரடங்கில் மாநிலங்களுக்கிடையே பேருந்துகள் நின்றபோதுதான், தென்பெண்ணைக்கு அக்கரையில் வேறொரு அரசு இருக்கிறது என்பது எங்களுக்கு உறைத்தது. 2024இல் புதுச்சேரி நிலையம் புதுப்பிப்புக்காக ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு துணி ஆலை) திடலுக்கு மாற்றப்பட்டு, 2025இல் மீண்டும் மறைமலையடிகள் சாலைக்கே திரும்பியது.

இவை எல்லாவற்றையும்விட, இடைநில்லாப் பேருந்துகள் பெருகியதே என்னைப் பொறுத்தவரை பெரிய மாற்றம். இரு நகரங்களுக்கு இடையே மட்டும் செல்லும் என்னைப் போன்றோருக்கு அதனால் நேரம் மிச்சமாகிறது. ஆனால் கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் மக்கள் தங்கள் ஊர்ச் சாலையிலேயே கைகாட்டிக் கைகாட்டி ஓய்கிறார்கள். கிருமாம்பாக்கத்தில் ஒரு மாலை, எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி நின்ற மூதாட்டியைக் கடந்து இரண்டு பேருந்துகள் நிற்காமல் போயின. மூன்றாவது சற்றே வேகம் குறைத்தது. அவர் நாலடி ஓடி வருவதற்குள், "கடலூர் மட்டும்தாம்மா" என்ற குரலும் விசிலும் ஒன்றாக எழுந்தன. அந்த வண்டியின் முன்கண்ணாடி மூலையில் 'இடைநில்லா' என்ற சொல் உள்ளங்கையளவு அட்டையில் எழுதப்பட்டிருந்தது. கண்பார்வை நன்றாக உள்ளவருக்கே அது அருகில் வந்த பிறகுதான் தெரியும்.

அந்தப் பலகையைத் தனி நிறத்தில் பெரிதாக வைப்பதற்குச் செலவு அதிகம் ஆகாது. மாலை ஐந்து முதல் எட்டு மணி வரை, மூன்றில் ஒரு வண்டியாவது எல்லா ஊர்களிலும் நின்று செல்ல வேண்டும் என்று இரு மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் சேர்ந்து நேர அட்டவணை வகுக்கலாம். அதுவரை, இடையூர்களுக்குச் செல்வோர் நிலையத்திலேயே நடத்துநரிடம் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டு ஏறுங்கள். நின்று செல்லும் பேருந்துக்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தாலும் பரவாயில்லை.