நெஞ்செரிச்சல்: பாட்டில் மருந்தா, காலை மாத்திரையா, கட்டிலுக்கடியில் செங்கல்லா?

நள்ளிரவில் தொண்டை வரை புளித்து எதுக்களிக்கும்போது கை தானாகப் பாட்டில் மருந்தைத் தேடும். அந்த நேரத்துக்கு அதுதான் சரி. அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த ஆன்டாசிட், சுரந்துவிட்ட அமிலத்தைச் சில நிமிடங்களில் அடக்கிவிடும். புதிதாகச் சுரப்பதைத் தடுக்காது. வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம். நுரைக்கும் பொடியும் அதே வேகம்தான். ஆனால் அதில் சோடியம் மிகுதி, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

சோடாவை இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. ஏப்பம் வந்ததும் நிம்மதி போலத் தோன்றும். உண்மையில் வாயு இரைப்பையை உப்ப வைத்து, அமிலத்தை மேலே தள்ளுகிறது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினால் அதை வாயு என்று எண்ணி சோடா வாங்க ஆள் அனுப்பாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் எரிகிறது என்றால் பாட்டில் போதாது. அங்கேதான் ஓமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் வருகின்றன. இவை அமிலத்தைச் சுரக்கும் பம்புகளையே அடைக்கின்றன. உணவு உண்ணும்போதுதான் அந்தப் பம்புகள் விழித்து வேலை செய்யும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரையை விழுங்கினால்தான், சாப்பிடும்போது மருந்து ரத்தத்தில் இருக்கும். என் அம்மா இரண்டு ஆண்டுகள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே அதை விழுங்கிவந்தார். "இந்த மாத்திரை எனக்குக் கேட்கவில்லை" என்பார். காலை இட்லிக்கு முன் என்று நேரத்தை மாற்றியதும் நான்காம் நாளே வித்தியாசம் தெரிந்தது. முழுப் பலனுக்குச் சில நாட்கள் ஆகும் என்பதால், எரியும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொள்வதில் பெரிய பயனில்லை.

பொதுவாக எட்டு வாரங்களுக்குத்தான் எழுதித் தருவார்கள். மருத்துவரைக் கேட்காமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் பி12, மெக்னீசியம் குறையக்கூடும். நீண்ட நாள் எடுத்துச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து பயமுறுத்தும். அம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது. பிறகு மருத்துவர் சொன்னபடி அளவைப் படிப்படியாகக் குறைத்தோம்.

பாட்டில் மருந்துக்கும் இந்த மாத்திரைகளுக்கும் இடைப்பட்டது ஃபாமோடிடின் என்ற மாத்திரை. ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கி இரவு முழுவதும் காக்கும்; தினமும் எடுத்தால் ஓரிரு வாரங்களில் வலு குறைந்துவிடும். எப்போதாவது விருந்துக்கு முன் எடுக்க நல்லது.

இரவில்தான் தொல்லை என்பவர்களுக்கு என் முதல் வாக்கு செங்கல்லுக்கே. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரம் கொடுத்தால், அமிலம் மேலேற முடியாமல் தடுமாறும். தலையணையை அடுக்குவது இதற்கு ஈடல்ல. வயிறு மடங்கி அழுத்தம் கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமையும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். அம்மா இப்போது ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறார். செங்கற்கள் இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. மாத்திரை அட்டை இல்லை.

விழுங்கவே சிரமம், கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன எதையும் முயன்று நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.