அரக்கோணம் ஹார்பூனா, தஞ்சாவூர் பிரமோஸா? வங்கக் கடலில் எது கைகொடுக்கும்

கப்பலைத் தாக்கும் ஏவுகணையைச் சுமக்கும் இரண்டு வகை விமானங்கள் தமிழ்நாட்டிலேயே நிற்கின்றன. அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி விமானத் தளத்தில் கடற்படையின் பி-8ஐ ரோந்து விமானங்கள். இறக்கைக்கு அடியில் அமெரிக்க ஹார்பூன். தஞ்சாவூரில், 2020 ஜனவரி 20 அன்று பணியில் சேர்ந்த விமானப்படையின் 222-ஆவது படைப்பிரிவு. அதன் சுகோய்-30 விமானங்களின் வயிற்றுக்கு அடியில் பிரமோஸ். "பிரமோஸ் வேகமானது, அதனால் அதுதான் உசத்தி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கு அத்தனை எளிதில் முடியாது.

முதலில் அளவுகள். பி-8ஐ சுமக்கும் ஹார்பூன் பிளாக்-2 ஏறத்தாழ 526 கிலோ எடை. அதில் வெடிமுனை மட்டும் சுமார் 220 கிலோ. சிறிய டர்போஜெட் எஞ்சின் தள்ள, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, நொடிக்கு 290 மீட்டர் அளவில், கடலை உரசியபடி போகும். எட்டும் தூரம் 120 கி.மீ.க்குச் சற்று மேல். விமானத்திலிருந்து ஏவும் பிரமோஸின் எடை 2,500 கிலோ. வெடிமுனை 200 முதல் 300 கிலோ. திட எரிபொருள் பூஸ்டர் வேகம் கொடுத்துவிட்டுக் கழன்றுவிடும், பிறகு பாய்ந்து வரும் காற்றையே அழுத்தி எரிக்கும் ராம்ஜெட் எஞ்சின் பற்றிக்கொள்ளும். உயரத்தில் மாக் 2.8, அதாவது ஒலியைப்போல் 2.8 மடங்கு வேகம், எட்டும் தூரம் ஏறத்தாழ 300 கி.மீ.

ஐந்து மடங்கு எடையுள்ள ஏவுகணையிலும் வெடிமுனை ஏறக்குறைய அதே அளவுதான் என்பதைக் கவனியுங்கள். மிச்ச எடையெல்லாம் வேகத்துக்கும் தூரத்துக்கும் கொடுக்கிற விலை.

அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது? பூமி உருண்டை என்பதால் கப்பலின் ரேடாருக்கு ஒரு தொடுவானம் உண்டு, அதற்குக் கீழே மறைந்திருப்பது தெரியாது. ஆன்டெனாவின் உயரம், ஏவுகணையின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கி.மீ. கணக்கில் வந்துவிடும். ஆன்டெனா 25 மீட்டர் உயரத்திலும் ஹார்பூன் 5 மீட்டர் உயரத்திலும் இருந்தால் விடை 30 கி.மீ. அதாவது கப்பலில் இருப்பவர்களுக்கு ஒன்றே முக்கால் நிமிடம் கிடைக்கும். பிரமோஸ் கடைசிக் கட்டத்தில் 10 மீட்டர் உயரத்தில் வந்தால் 33 கி.மீ.யில் தெரியும். கீழே காற்று அடர்த்தி அதிகம் என்பதால் வேகத்தை நொடிக்கு 700 மீட்டர் என்றே குறைத்து வைத்துக்கொண்டாலும், முக்கால் நிமிடத்தில் அது கப்பலை அடைந்துவிடும். கடைசி 2 கி.மீ.யில்தான் கப்பலின் விரைவுப் பீரங்கிகள் வேலை செய்யும். ஹார்பூனைச் சுட அவற்றுக்கு 7 நொடி இருக்கிறது. பிரமோஸைச் சுட 3 நொடிகூட இல்லை. அதற்குள் சுட்டு உடைத்தாலும் துண்டுகள் ஏறக்குறைய அதே வேகத்தில் வந்து கப்பலைத் தாக்கக்கூடும்.

இதுவரை பிரமோஸுக்கே சாதகம். ஆனால் இந்தக் கணக்கு கடைசிக் கட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். முழு 300 கி.மீ. எட்ட வேண்டுமென்றால் பிரமோஸ் ஏறத்தாழ 14 கி.மீ. உயரத்தில் பறந்தாக வேண்டும். அதே சூத்திரத்தில் 14,000 மீட்டரைப் போட்டுப் பாருங்கள்: 500 கி.மீ.யைத் தாண்டுகிறது. கிளம்பியதிலிருந்தே அது தொடுவானத்துக்கு மேலேதான். ரேடாருக்குப் போதிய திறன் இருந்தால் எதிரிக்கு நிமிடக் கணக்கில் முன்னெச்சரிக்கை கிடைத்துவிடும். தாழ்வாகவே அனுப்பினால் தூரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். பிரமோஸின் மூலமான ரஷ்ய ஓனிக்ஸுக்கு அப்படிப் பறந்தால் 120 கி.மீ.தான் என்கிறார்கள். ஹார்பூன் மெதுவாகத்தான் போகும், ஆனால் பயணத்தில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது. வேகமானது முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, மெதுவானது கடைசியில்தான் தெரிகிறது.

திரும்பும் திறனில் வித்தியாசம் இன்னும் பெரிது. இரண்டும் புவியீர்ப்பைப்போல் 10 மடங்கு விசையில் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 290 மீட்டரில் போவதற்கு வளைவின் ஆரம் 900 மீட்டருக்கும் குறைவு. 700 மீட்டரில் போவதற்கு 5 கி.மீ. பிரமோஸின் சீக்கர் (மூக்கில் இருந்து இலக்கைத் தேடும் கருவி) எது இலக்கு என்பதை முன்கூட்டியே சரியாகப் பிடித்தாக வேண்டும், தவறினால் திருத்திக்கொள்ள இடமில்லை.

ஏமாறுவதில் இரண்டுக்கும் ஆபத்து உண்டு. 1988 ஏப்ரல் 18 அன்று ஈரானின் ஜோஷன் படகு, அமெரிக்காவின் வெயின்ரைட் கப்பல்மீது ஒரு ஹார்பூனை ஏவியது. கப்பலிலிருந்து சாஃப் என்னும் உலோகம் பூசிய இழைகளை வானில் தூவினார்கள். ஏவுகணை தாக்காமல் கடந்து போயிற்று. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில் 1982 மே 25 அன்று நடந்தது இதைவிடக் கவலை தருவது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சாஃப் தூவித் தப்பித்துக்கொண்டன. விலகிய எக்சோசெட் என்னும் பிரெஞ்சு ஏவுகணை, சரக்குக் கப்பலான அட்லான்டிக் கன்வேயரைப் பிடித்தது. 12 பேர் இறந்தார்கள். இலங்கைக்குத் தெற்கே தெய்வேந்திர முனையைச் சுற்றி சரக்குக் கப்பல்கள் வரிசை கட்டிப் போகும் பாதையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

பட்டபின் என்ன ஆகும்? அதே 1982, மே 4. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஷெஃபீல்டின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்கு மேலே ஓர் எக்சோசெட் புகுந்தது. அதன் வெடிமுனை 165 கிலோதான், ஹார்பூனைவிடச் சிறியது. எரியாமல் மிஞ்சியிருந்த எரிபொருள் உள்ளே பற்றிக்கொண்டது. தீயணைக்கும் நீர்க்குழாய் உடைந்துபோனதால் அணைக்கத் தண்ணீர் இல்லை. புகை தளம் தளமாகப் பரவ, சில மணி நேரத்தில் கப்பலைக் கைவிட்டார்கள். 20 பேர் பலி. இழுத்துச் செல்லும்போது ஆறாவது நாள் மூழ்கியது. ஒலியைவிட மெதுவான, சிறிய ஏவுகணையே ஒரு நாசகாரிக் கப்பலை முடிக்கப் போதுமாக இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சுமப்பதில் ஹார்பூன் பக்கம் தராசு சாய்கிறது. ஒரு பி-8ஐ இறக்கைக்கு அடியில் நான்கு ஹார்பூன் கொண்டு போகலாம். சுகோய்க்கு ஒரே ஒரு பிரமோஸ்தான். அதற்கே விமானத்தின் அடிப்பகுதியை வலுப்படுத்த வேண்டியிருந்தது. நான்கு பிரமோஸ் வேண்டுமென்றால் நான்கு சுகோய், கூடவே எரிபொருள் நிரப்பும் விமானம்.

ஆனால் பி-8ஐ என்பது 737 பயணிகள் விமானத்தின் உடல். ஹார்பூனை ஏவ 120 கி.மீ.க்குள் போயாக வேண்டும். 200 கி.மீ. எட்டும் வான்காப்பு ஏவுகணை உள்ள கப்பலிடம் உயரத்தில் நெருங்கினால் கதை முடிந்தது. 500 மீட்டருக்கு இறங்கிப் போனால் அந்தக் கப்பலின் தொடுவானம் 113 கி.மீ., அதாவது மயிரிழையில் மறைவு. அதுவும் நிச்சயமில்லை. கடல்மேல் ஈரக்காற்று அடுக்கு ரேடார் அலையை வளைத்துத் தொடுவானத்துக்கு அப்பாலும் கொண்டு போகும் நாட்கள் உண்டு. நம் கடல்களில் அது அபூர்வம் அல்ல.

ஆகவே என் கணிப்பு இது. நல்ல வான்காப்பு உள்ள பெரிய போர்க்கப்பல் என்றால் தஞ்சாவூர். பாதுகாப்பு குறைந்த கப்பல், பலவீனமான சிறு படகுக் கூட்டம், ரோந்தில் திடீரென எதிர்ப்படும் இலக்கு என்றால் அரக்கோணம்.

ஆனால் தஞ்சாவூரின் பிரமோஸ் 300 கி.மீ. தொலைவில் எதைத் தாக்குவது என்பதை யாராவது சொல்ல வேண்டுமே. பல மணி நேரம் கடல்மேல் சுற்றி, ரேடாரில் தெரியும் புள்ளி எண்ணெய்க் கப்பலா போர்க்கப்பலா என்று பிரித்தறிவது பி-8ஐயின் அன்றாட வேலை. அந்தத் தகவல் 10 நிமிடம் தாமதமாக சுகோயை அடைந்தால், 30 நாட் (மணிக்கு ஏறத்தாழ 55 கி.மீ.) வேகத்தில் ஓடும் கப்பல் அதற்குள் 9 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். பிரமோஸ் 300 கி.மீ. கடக்கும் ஆறு நிமிடத்தில் இன்னும் 5 கி.மீ. கடற்படையின் கண்ணுக்கும் விமானப்படையின் கைக்கும் நடுவே இருக்கும் அந்தத் தகவல் இணைப்பின் தாமதத்தை நொடிகளுக்குக் குறைக்கத்தான், அடுத்து வாங்கும் ஏவுகணைகளுக்கு முன்பாகப் பணம் ஒதுக்க வேண்டும்.