புழல் மண்ணில் ஒன்பது வருட ரோட்டவேட்டர்

புழலில் எங்கள் தெரு 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. நிலம் மட்டும் செங்குன்றத்தைத் தாண்டி, 4 ஏக்கர். பாதி ஏரிப்பாசனக் களிமண், பாதி செம்மண் சரளை. இரண்டிலும் ஒரே ரோட்டவேட்டரை, அதாவது டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் கருவியை, 2016 சம்பாவுக்கு முன்பிருந்து ஓட்டுகிறேன். சொந்த வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கும் போகும். வருடத்துக்கு 250 மணி நேரம் ஓடும். வாங்கும்போது கடையில் சொல்லாத பல விஷயங்கள், ஏதாவது உடைந்த பிறகுதான் தெரியவந்தன. புதிதாக வாங்குபவர்களுக்கும், டிரைவரை வைத்து வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

என்னுடையது 6 அடி, 42 பிளேடு, 50 எச்.பி. டிராக்டரில் ஓடுகிறது. பிளேடுகள் மாட்டிய தண்டைச் சுழற்றப் பக்கவாட்டில் செயினா கியரா என்று கேட்டார்கள், கியர் எடுத்தேன். விலை கூடத்தான். ஆனால் சேற்று வேலை அதிகம் உள்ளவர்கள் அந்தப் பணத்தைப் பார்க்க வேண்டாம். பக்கத்து வயல்காரரின் செயின் வண்டி நடு வயலில் அறுந்து, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு மூடியைக் கழற்றியதைக் கூட நின்று பார்த்தவன் நான்.

முதல் வருடத்தில் என்னைப் படுத்தியது, டிராக்டரின் சுழற்சியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டில் இருக்கும் கிராஸ்தான், கூட்டல் குறி வடிவ மூட்டு அது. இரண்டு மாதத்துக்கு ஒன்று போனது. மட்டமான கிராஸ் என்று நினைத்து விலை கூடியதை வாங்கிப் போட்டேன், அதுவும் போனது. அப்புறம் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து டிரைவர் தம்பி ஓட்டுவதையே கவனித்தேன். வரப்போரம் வந்ததும், அந்த ஷாஃப்டைச் சுழற்றும் பி.டி.ஓ.வை நிறுத்தாமலே ரோட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கித் திரும்புகிறார். தூக்கிய நிலையில் ஷாஃப்ட் ஒடிந்த கை மாதிரி கோணலாகிவிடும். அந்தக் கோணத்தில் நிமிடத்துக்கு 540 சுற்றில் சுழன்றால் எந்தக் கிராஸும் நிற்காது. “ஒவ்வொரு வாட்டியும் நிறுத்திப் போட்டா நேரம் போவும்ணா” என்றார். நிறுத்தித்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏக்கருக்கு ஐந்து நிமிடம் கூடுகிறது, அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு கிராஸ் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் வருகிறது. தினமும் காலையில் அதற்கு கிரீஸ் அடிக்க வேண்டும், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை. ஷாஃப்டைக் கழற்றி மாட்டினால் இரண்டு முனை யோக்கும், அதாவது கிராஸைப் பிடிக்கும் கவைகளும், ஒரே வாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் வண்டி முழுக்க அதிரும்.

பிளேடு பற்றிச் சொல்ல வேண்டும். செம்மண் சரளையில் காய்ந்த உழவு ஓட்டினால் 80 மணி நேரத்தில் நுனி கரைந்துவிடுகிறது. களிமண்ணில் சேறடிக்கும்போது அதே பிளேடு 200 மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஆகவே ‘பிளேடு எத்தனை நாள் வரும்’ என்று கேட்பவரிடம், உங்கள் மண் எது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடாதீர்கள். இடது, வலது என்று இரண்டு வகை பிளேடு உண்டு. அவை தண்டில் திருகு போல வரிசையாகச் சுற்றி வரும். ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் அதே வகையை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் வரிசை மாறாது. ஒருமுறை அவசரத்தில் மொத்தமாகக் கழற்றி ஞாபகத்தில் மாட்டினோம். வயலில் வரிவரியாக உழாத மேடு நின்றது, கியர் பாக்ஸ் உதறியது. மறுபடி 84 போல்ட்டையும் அவிழ்த்தோம். புது பிளேடு போட்டு ஒரு மணி நேரம் ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் இன்னொருமுறை இறுக்கிவிட வேண்டும். தளர்ந்த போல்ட் பிளேடை மட்டுமல்ல, அது மாட்டியிருக்கும் தட்டின் ஓட்டையையும் பெரிதாக்கிவிடும்.

எங்கள் பக்கத்தில் மண்ணைவிட மண்ணுக்குள் கிடப்பதுதான் பயம். மனை போட்டுப் பாதியில் விட்ட நிலங்களைத் திரும்பவும் உழவுக்குக் கொடுக்கிறார்கள். புல் மூடியிருக்கும், உள்ளே எல்லைக்கல் புதைந்திருக்கும். 2019இல் அப்படி ஒரு நிலத்தில் கல்லில் அடித்து ஷாஃப்டின் ஷியர் போல்ட் அறுந்தது. அறுவதற்காகவே வைத்த போல்ட் அது. அது அறுந்தால் மற்றவை தப்பும். கையில் மாற்று இல்லை என்று டிரைவர் கெட்டியான வேறு போல்ட் ஒன்றைப் போட்டு வேலையை முடித்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வேறொரு கல். இந்த முறை போல்ட் நின்றது, கியர் பாக்ஸுக்குள் கிரவுன் பினியன் என்ற கியர் ஜோடியின் பல் போனது. விதைப்பு நேரத்தில் ஒன்பது நாள் வண்டி நின்றது. அவரைத் திட்டிப் பயனில்லை, சரியான போல்ட்டை வண்டியில் வைக்காதது என் தப்பு. இப்போது கருவிப் பெட்டியில் எப்போதும் பத்து இருக்கும். மனை நிலம் என்றால் முதல் நாளே கடப்பாரையோடு நடந்து பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்கிறேன்.

கல்லுக்கு அடுத்தது நைலான் கயிறு, சாக்கு, பிளாஸ்டிக் தாள். நகரத்துக் குப்பை வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்துவிடுகிறது. இவை தண்டின் இரு முனையிலும் சுற்றிக்கொண்டு, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை அறுத்துவிடும். சீல் போனால் எண்ணெய் வெளியே, சேறு உள்ளே, அடுத்து பேரிங். ஒவ்வொரு நாள் முடிவிலும் கத்தியால் அறுத்தெடுத்துக் கழுவிய பிறகே கொட்டகையில் விடுகிறோம். இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டு, அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஹைட்ராலிக் தூக்கி வைத்திருக்கிறதே என்று நம்பாதீர்கள், எந்த நேரமும் இறங்கலாம். லுங்கியும் தோளில் துண்டுமாக ஷாஃப்ட் பக்கம் யாரையும் விடுவதில்லை. ஷாஃப்டின் பிளாஸ்டிக் மூடி உடைந்தால் அன்றே புதிது வாங்கிவிடுகிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் கொட்டகைக்குள் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்ததும் கியர் பாக்ஸ் மூடியைத் திறந்தால் எண்ணெய் டீ மாதிரி வெளுத்திருந்தது. அப்படி இருந்தால் ஒரு சுற்றுகூட ஓட்டாதீர்கள். முழுதும் வடித்து, டீசல் ஊற்றிக் கையால் தண்டைச் சுற்றி அலசி, அதையும் வடித்து, 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினேன். ஒரு மணி நேரம் ஓட்டி அதையும் மாற்றினேன். பக்கக் கியர் பெட்டிக்கும் இதே வேலை. எண்ணெய்ச் செலவு வலித்தது, பேரிங் ஒன்றும் போகவில்லை. சாதாரணமாக வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. புது வண்டிக்கு மட்டும் முதல் 50 மணி நேரத்திலேயே மாற்றிவிட வேண்டும், வடித்த எண்ணெயில் இரும்புத் தூள் மின்னுவதை நீங்களே பார்க்கலாம்.

உழவு எப்படி? சேறடிக்க இதற்கு ஈடு இல்லை. இரண்டு ஓட்டம், பின்தகட்டை இறக்கிவிட்டால் சமமாகவும் இழுத்துக்கொடுக்கும். காய்ந்த உழவில் ஏக்கருக்கு ஒரு மணி நேரம், டீசல் 5 லிட்டர் சுற்றி ஆகிறது. ஆனால் முதல் நான்கு வருடம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எல்லாப் பட்டத்துக்கும் இதையே ஓட்டியதில், செம்மண் பக்கம் ஐந்து அங்குலத்துக்குக் கீழே தரை போட்ட மாதிரி இறுகிவிட்டது. மழை பெய்தால் மேலேயே நின்றது, வேர்க்கடலை மஞ்சளடித்தது. மேல் மண்ணோ மாவாகிக் காற்றில் பறந்தது. இப்போது கோடையில் ஒன்பது கொத்துக் கலப்பை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடியில் இறுகியதை உடைக்க உளிக்கலப்பை, கடைசி ஓட்டம் மட்டும் ரோட்டவேட்டர். அதுவும் பின்தகட்டைச் சற்றுத் தூக்கி, கட்டி கொஞ்சம் நிற்கும்படி. ரோட்டவேட்டர் வாங்கியதும் கலப்பையை விற்றுவிடாதீர்கள். நான் விற்றுவிட்டு, பிறகு இன்னொன்று வாங்கினேன்.

சென்னையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு, சாமானுக்கு அலைய வேண்டாம். பேரிங்கும் சீலும் பாரிமுனையில் கிடைத்துவிடும். பழையதைத் துடைத்து எடுத்துப் போங்கள். பேரிங்கில் பொறித்த எண்ணையும், சீலின் உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூன்றையும் சொன்னால் பத்து நிமிட வேலை.

போன வாரம் கழுவும்போது இடது முனையில் எண்ணெய்க் கசிவு தெரிந்தது. இரண்டு சீலும் வாங்கி வைத்திருக்கிறேன். நவரைக்குத் தண்ணீர் விடுவதற்குள் பிரித்துவிட வேண்டும்.