கினிகத்தேனையில் தவறும் விமானம்: எந்த வழி, எந்த டிக்கெட்?

இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து வெளிநாடு போகிறவருக்கு விமானம் தவறக்கூடிய முதல் இடம் துபாயும் இல்லை, தோஹாவும் இல்லை. மலையிலிருந்து இறங்கும் வழியிலுள்ள கினிகத்தேனைதான். டிக்கெட் விலையை நாலு இணையதளத்தில் தட்டிப் பார்க்கிற நாங்கள், மலையிலிருந்து இறங்குகிற வேலையை வேன்காரத் தம்பி கையில் விட்டுவிடுகிறோம். நான் இரண்டையும் ஒரே தராசில்தான் வைக்கிறேன். எந்தத் தெரிவானாலும் ஒரே கேள்வி: பிந்திப் போனால் அது யார் தலையில் விழும்?

இரவு வேனா, ரயிலா, முதல் நாளே இறங்குவதா

அதிகாலை விமானம் என்றால் இரவு எட்டு மணிக்கு வேன் என்பது எங்கள் வழக்கம். வழியனுப்ப வீடே ஏறிக்கொள்ளும். தேத்தண்ணிக்கு ஒரு தடவை, வாந்திக்கு இரண்டு தடவை நிறுத்தினாலும் காய்ந்த நாளில் ஐந்து மணி நேரத்துக்குள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்விடலாம். பெப்ரவரியில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜூனில் இதே கணக்கைப் போடுகிறவரைப் பார்த்தால்தான் பயமாயிருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அவிசாவளை வீதியில் ஒரு மண்மேடு சரிந்தால் நாவலப்பிட்டி, கம்பளை என்று சுற்றிப் போக வேண்டும். அந்தப் பாதையும் மலைதான், அங்கேயும் மழைதான். பதுளை, வெலிமடைக்காரருக்குக் காலம் வேறு. அவர்கள் பயப்பட வேண்டியது வருடக் கடைசியில் வரும் வடகீழ்ப் பருவமழைக்கு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது வீதியும் ரயில் பாதையும் ஒன்றாகவே உடைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ரயில் மலிவு, பெட்டி வைக்க இடமும் உண்டு. ஆனால் றம்புக்கனைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம். எங்கேயாவது ஒரு ரயில் பெட்டி தடம் புரண்டால் பின்னால் வருவதெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். கொழும்பு கோட்டை நிலையத்தில் இறங்கி மறுபடி பஸ் பிடிக்கவும் வேண்டும். அன்றைக்கே விமானம் என்றால் ரயிலை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. முதல் நாள் இறங்குவதற்கு நல்ல வண்டி.

அந்த முதல் நாள்தான் மழைக்காலத்தில் என் தெரிவு. வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் இருந்தால் செலவே இல்லை. இல்லாவிட்டால் நீர்கொழும்பு, சீதுவைப் பக்கம் ஓர் அறை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் விடுகிறது. உங்கள் பிரதேசத்துக்கோ வழியில் உள்ள ஊருக்கோ மஞ்சள் வந்தாலே பெட்டியைக் கட்டிவிடுங்கள். சிவப்பு வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்க இது கிரிக்கெட் இல்லை.

இதில் இன்னொரு பொறி உண்டு. ‘விமானம் மூன்று மணி நேரம் தாமதம்’ என்று குறுஞ்செய்தி வந்ததும் ஆறுதலாகப் புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாமதம் சுருங்கவும் கூடும். கவுண்டர் பழைய நேரத்துக்கே மூடவும் கூடும். முதல் விமானத்துக்கு ஆள் வராவிட்டால், அதே டிக்கெட்டில் மிச்சமுள்ள பயணங்கள், திரும்பி வருவது உட்பட, பொதுவாக ரத்தாகிவிடும். வீதியில் மாட்டிக்கொண்டால் விமானம் கிளம்பும் முன்னரே நிறுவனத்துக்குப் போன் போடுங்கள்.

ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா

என் அக்கா குவைத்திலிருந்து லீவில் வந்தபோது இரண்டு டிக்கெட் எடுத்தோம். குவைத்திலிருந்து துபாய்க்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து கொழும்புக்கு இன்னொன்று. ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட மலிவு. கண்டுபிடித்த கெட்டிக்காரன் நான்தான். முதல் விமானம் மூன்று மணி நேரம் பிந்தியது. அக்கா ஓடிப் போனபோது இரண்டாவது போய்விட்டது. முதல் நிறுவனம், ‘உங்களைத் துபாய்க்குக் கொண்டுவந்தாகிவிட்டது’ என்றது. இரண்டாவது, ‘நீங்கள் நேரத்துக்கு வரவில்லை’ என்றது. இரண்டு பேர் சொன்னதும் சரிதான், அதுதான் வயிற்றெரிச்சல். கைப்பை மட்டும் கொண்டுவந்ததால் குடிவரவைத் தாண்டிப் பெட்டி எடுக்கிற பிரச்சினையாவது இருக்கவில்லை. லயத்து வாசலில் சிக்னல் தேடி நின்று புது டிக்கெட் எடுத்தேன். மிச்சம் பிடித்ததுபோல் நாலு மடங்கு போனது.

ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், கொழும்பு வரை கொண்டுவந்து சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அடுத்த விமானத்தில் இடம் தருவதும் அவர்கள் வேலை. இணையதளங்களில் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால், அது அக்காவுக்கு நடந்த கதைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி போடும்போது ஒட்டும் சீட்டையும் பாருங்கள்; ரொறன்ரோ போகிறவருக்கு ‘வை வை இசட்’ என்று கடைசி ஊரின் குறி இருக்க வேண்டும். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுப்பது ஏஜென்சி, அதில் தெரிவு கிடையாது. ஆனாலும் ஆறெழுத்து முன்பதிவுக் குறியீட்டைக் கேட்டு வாங்கி, எல்லாப் பயணமும் அதற்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஐரோப்பா வழியாகப் போகிறவருக்கு இன்னொன்று. ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் வெளியே வராமல் மாறுவதற்கே இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பொதுவாக டிரான்சிட் விசா தேவை. சில நாடுகளின் விசாவோ வதிவிட உரிமையோ உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அதனால் விலை ஒன்றாக இருந்தால் வளைகுடா வழிதான் எங்களுக்குத் தோது.

இரண்டு விமானங்களுக்கு நடுவில் இடைவெளி ஒன்றேகால் மணி நேரமா, நாலு மணி நேரமா என்று கேட்டால் நாலுதான். குறுகிய இடைவெளியில் ஆள் ஓடிப் பிடித்தாலும் பெட்டி பிடிக்காது.

தவறிய பிறகு

ஒரே டிக்கெட் என்றால் பதறிப்போய் வேறு டிக்கெட் வாங்காதீர்கள். மாற்றுப் பயணக் கவுண்டரில் வரிசையில் நின்றுகொண்டே நிறுவனத்துக்குப் போனும் போடுங்கள், எது முதலில் கிடைக்கிறதோ அது. ஹட்டன் ஏஜென்ட்டை இரவு இரண்டு மணிக்கு எழுப்புவதில் பெரிய பயனில்லை; பயணம் தொடங்கிய பிறகு டிக்கெட்டை மாற்றித் தருவது நிறுவனத்தின் வேலை. சாப்பாடும் தங்குமிடமும் கேளுங்கள், வாய் விட்டுக் கேட்காதவருக்குப் பல நேரம் கிடைப்பதில்லை. தாமதத்துக்கு எழுத்தில் ஒரு கடிதமும் வாங்குங்கள். காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

நட்டஈட்டில் திசை முக்கியம். பாரிஸிலிருந்து தோஹா வழியாகக் கொழும்புக்கு ஒரே முன்பதிவில் வருகிறவர், நிறுவனத்தின் தவறால் நாலு மணி நேரத்துக்கு மேல் பிந்தி வந்து சேர்ந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி 600 யூரோ கேட்கலாம். அதே வளைகுடா நிறுவனத்தில் கொழும்பிலிருந்து பாரிஸுக்குப் போகிறவருக்கு அந்த விதி இல்லை.

போன ஜூலையில் அக்கா திரும்பிப் போனது ஒரே டிக்கெட்டில். முதல் நாளே இறங்கி சீதுவையில் இரண்டு அறை எடுத்தோம். வேனில் வந்தது பன்னிரண்டு பேர், அதனால் நானும் மச்சானும் வேனிலேயே படுத்தோம்.