ஹட்டன் கடைவீதியில் ஒரு தையற்கடை: பாடசாலைச் சீருடை தைக்கக் கொடுக்க இருப்போருக்கு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து சில நிமிட நடைத் தூரத்தில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இந்தத் தையற்கடை இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. கீழே கடையில் நிற்பவர்களிடம் சீருடை தைக்கும் இடம் எது என்று கேட்டால், துணிச் சுருள்களுக்குப் பின்னாலிருக்கும் ஒடுக்கமான படிக்கட்டைக் காட்டுவார்கள். என் அக்காவின் மகள் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, தேயிலைத் தோட்டப் பாடசாலையிலிருந்து நகரத்துப் பாடசாலைக்கு ஆறாந் தரத்தில் சேர்ந்தபோது, அவளுக்கு மூன்று வெள்ளைக் கவுன்களை இங்கேதான் தைக்கக் கொடுத்தோம். அவள் அவற்றை இரண்டு தவணைகளாக உடுத்தி வருகிறாள். ஆகவே துவைத்துக் காய்ந்து தேய்ந்த பின்னர் தையல் எப்படி நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுத முடிகிறது.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இடுப்பு மடிப்புகள் இன்னும் குலையவில்லை. ஓரங்கள் யாவும் நூல் பிரியாதபடி அடிக்கப்பட்டிருக்கின்றன. கீழ் ஓரத்தில் நான்கு விரல் அளவுக்கும் பக்கங்களில் ஒரு விரல் அளவுக்கும் உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறார்கள்; வளரும் பிள்ளைக்கு இது ஒரு முழு ஆண்டைக் கூடுதலாகப் பெற்றுத் தரும். வெட்டுவதற்கு முன்பு துணியை நனைத்துக் காயவைத்துக் கொண்டுவரும்படி அவர்கள் கேட்பதைச் சிலர் தொல்லையாக நினைக்கக்கூடும். ஆனால் நனைக்காமல் தைத்த கவுன் இரண்டாம் துவைப்பில் முழங்காலுக்கு மேலேறி நின்றதை நான் அனுபவித்தவள் என்பதால், அந்தக் கண்டிப்பை வரவேற்கிறேன்.

ஒரு சீருடையைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அரசாங்கம் 1993ஆம் ஆண்டிலிருந்து மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது. நான் அதே வயதில் நகரத்துப் பாடசாலைக்குப் போனபோது, வகுப்பில் எல்லோருடைய துணியும் ஒன்றாகவே இருந்தது. வேறுபாடு தையலில் இருந்தது. எங்கள் தோட்டத்தில் தைத்த என் கவுனுக்கு வட்டக் கழுத்து. மற்றவர்களுக்குக் கூரிய காலர். மழைக் காலத்தில் அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் காயவைத்ததால் என் வெள்ளையில் ஒரு மங்கலும், அருகில் வந்தால் புகை மணமும் இருந்தன. எவரும் என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. வாங்கில் என் பக்கத்து இடம் மட்டும் முதல் தவணை முழுவதும் வெறுமையாக இருந்தது. எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு நான் தோட்டத்தின் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டு, ஹட்டன் என்று சொல்லத் தொடங்கினேன். பதினொரு வயதில் அந்தப் பொய் எனக்கு அவ்வளவு தேவையாக இருந்தது.

பின்னாளில் கல்வியியற் கல்லூரியில் உளவியல் படித்தபோது, சொலமன் ஆஷ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டளவில் நடத்திய பரிசோதனையைப் பற்றி அறிந்தேன். ஒரு கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்று கேட்கப்படுகிறது. கண்ணுக்கு விடை தெளிவாகவே தெரிகிறது. ஆனால் அறையிலிருந்த மற்றவர்கள், ஏற்கனவே பேசி வைத்தபடி, ஒரே தவறான விடையைச் சொன்னபோது, பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஒரு தடவையாவது அந்தத் தவறான விடையையே தாங்களும் சொன்னார்கள். என்னை அதிகம் தொட்டது அந்த ஆய்வின் இன்னொரு பகுதி: கூட்டத்தில் ஒரேயொருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டாலும், அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. எனக்கும் அப்படியொருத்தி வந்தாள். இரண்டாம் தவணையில் வட்டக் கழுத்துக் கவுனோடு இன்னொரு தோட்டத்துப் பிள்ளை வகுப்பில் சேர்ந்து, அந்த வெற்றிடத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நான் ஊர்ப் பெயரை மறைக்கவில்லை.

அக்காவின் மகளுக்கு அந்த ஒரு தவணைக் காலத்தைக்கூடக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனாலேயே தையற்காரரை அவ்வளவு கவனமாகப் பார்த்தேன். நகரத்துப் பாடசாலைகள் ஒவ்வொன்றின் காலர் வெட்டும், மடிப்புகளின் எண்ணிக்கையும், கை நீளமும் அவருக்கு மனப்பாடம். பாடசாலையின் பெயரைச் சொன்னால் போதும். இலவசத் துணியைக் கொண்டுவந்தாலும், கீழ்க்கடையில் விலை கூடிய துணியை வாங்கி வந்தாலும் ஒரே வெட்டு, ஒரே நூல், ஒரே பொத்தான். நாங்கள் நின்றிருந்தபோது ஒரு தாய் மலிவான பொத்தானைப் போட்டுக் கூலியைக் குறைக்கும்படி கேட்டார். தையற்காரர் பொத்தானை மாற்றவில்லை. கூலியை மட்டும் குறைத்துக்கொண்டார். அளவுகளையும் உரக்கச் சொல்வதில்லை, தாமே பார்த்து எழுதிக்கொள்கிறார். உடம்பு பருத்த பிள்ளைகளும் மெலிந்த பிள்ளைகளும் வரிசையில் காத்து நிற்கும் இடத்தில் இது சிறிய விடயமல்ல.

அளவெடுத்து முடிந்ததும் அவர் அவளைப் பார்த்து, "எந்தத் தோட்டம் பாப்பா? மேக்கணக்கா, கீக்கணக்கா?" என்று, தோட்டத்தின் மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதையும் சேர்த்துக் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்தேன். அவள் சொன்னாள். அவர் கொப்பியில் தோட்டம், பிரிவு, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் இலக்கம், தகப்பன் பெயர் என்று வரிசையாக எழுதிவிட்டு, தாம் பிறந்ததும் பக்கத்து மலைதான் என்றார். லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்தே கைக்குக் கிடைக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் முந்திய தலைமுறையினர் 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அப்படிப்பட்ட எங்களுக்கு, ஒரு கொப்பியில் லய இலக்கம் வரை முழுமையாக எழுதப்படுவது மனத்தில் நிற்கத்தான் செய்கிறது. நகரத்துப் பிள்ளைகளைப் போலவே இவளும் தெரிய வேண்டும் என்ற ஆசையோடு நான் படியேறினேன். அவர் அந்த உடுப்பையும் தைத்துக் கொடுத்தார், அவளுடைய வாயால் தோட்டத்தின் பெயரையும் சொல்ல வைத்தார்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு நான்கு நாள் பிந்தியே உடுப்புகள் கிடைத்தன. பாடசாலை தொடங்கும் வாரத்தில் இது பெரிய அந்தரம். உடுத்திப் பார்க்கத் திரை தொங்கும் ஒரு மூலை மட்டுமே இருக்கிறது, அங்கே வெளிச்சம் போதாது. ஒரு கவுனின் காலர் உட்துணி துவைத்ததும் சுருங்கிவிட்டது. கொண்டுபோய்க் காட்டியபோது மறுபேச்சில்லாமல் பிரித்துத் தைத்துத் தந்தார்கள். கூலி நகரத்தின் மற்றக் கடைகளை விடச் சற்றுக் கூடுதல்தான். எனினும் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியைத் தோட்டச் சம்பளம் கிடைக்கும் 10ஆம் திகதிக்குப் பிறகு கொடுக்கலாம்.

புதிய ஆண்டுக்குத் தைக்க விரும்புவோர் குறைந்தது ஒரு மாதம் முந்திப் போவது நல்லது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய உடுப்பை மட்டும் அளவுக்குக் கொடுத்தனுப்பினால் அவர் ஏற்றுக்கொள்வதில்லை. நாங்கள் உடுப்பை எடுக்கப் போன அன்று, படிக்கட்டில் இன்னொரு சிறுமி தாயோடு காத்திருந்தாள். அக்காவின் மகள் அவளிடம் தானாகவே எந்தத் தோட்டம் என்று கேட்டாள்.