சம்பளப் பட்டியலுக்குக் காவல்: போஸ்ட்கிரெஸின் வரிசைப் பாதுகாப்போடு ஏழு ஆண்டுகள்

பல நிறுவனங்களின் ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிடும் மென்பொருள் ஒன்றின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 10ஆம் பதிப்பில் தொடங்கினோம். இப்போது 16இல் ஓடுகிறது. எல்லா வாடிக்கையாளர்களின் தரவும் ஒரே அட்டவணைகளில்தான் இருக்கிறது. எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்று தரவுத்தளமே முடிவுசெய்யும் ‘ரோ லெவல் செக்யூரிட்டி’ வசதியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துகிறோம். இது 2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பில் வந்தது.

இதை நான் விரும்புவதற்குக் காரணம் ஒன்றுதான். நிறுவன எண்ணை வைத்து வடிகட்டும் நிபந்தனையை, தரவு கேட்கும் ஒவ்வொரு வினவலிலும் நிரலாளரே எழுத வேண்டும் என்றால், எவராவது ஒருவர் ஒரு நாள் மறந்தே தீருவார். அன்று எல்லாம் வெளியே கொட்டிவிடும். இங்கே அட்டவணையில் பாதுகாப்பை இயக்கிவிட்டு, யாருக்கு எந்த வரிசை என்று சொல்லும் விதியை எழுத மறந்தால் ஒரு வரிசைகூட வராது. மறதியின் விளைவு பூட்டிய கதவாக இருக்கிறது. சம்பள விவரத்தைக் கையாளும் இடத்தில் இந்தக் குணத்துக்கு ஈடாக வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் விதி எழுதுவதற்கு முன்பே ரோல்களை, அதாவது தரவுத்தளத்தில் நுழையும் பயனர் கணக்குகளை, பிரித்தாக வேண்டும். அட்டவணையின் உரிமையாளரை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது. எங்கள் செயலி, அட்டவணைகளை உருவாக்கிய அதே ரோலில்தான் நுழைந்துகொண்டிருந்தது. விதிகளை எழுதினோம், சோதித்தோம், எல்லாம் சரியாகத் தெரிந்தது. சோதனைத் தரவில் இருந்தது ஒரே ஒரு நிறுவனம். இரண்டாவது நிறுவனத்தைச் சேர்த்த அன்றுதான் எந்த விதியும் வேலை செய்யவில்லை என்று புரிந்தது. அதன்பின் உரிமையாளர் ரோலால் நேரடியாக நுழைய முடியாதபடி செய்தோம். அட்டவணை அமைப்பை மாற்றுவதற்குத் தனி ரோல். செயலிக்குப் படிக்க, சேர்க்க, திருத்த மட்டும் உரிமை. உரிமையாளரையும் விதிக்குள் கொண்டுவரும் ‘ஃபோர்ஸ்’ அமைப்பையும் எல்லா அட்டவணைகளிலும் போட்டோம். இந்தப் பிரிப்பு ஏழு ஆண்டுகளாக ஒரு நாளும் எங்களைக் கைவிட்டதில்லை.

எங்களை உலுக்கியது வேறொன்று. ஒரு மாதக் கடைசியில் ஒரு வாடிக்கையாளரின் கணக்காளர் தொலைபேசியில் அழைத்தார். “சார், இந்தப் பட்டியலில் இருக்கிறவர்கள் எங்கள் ஆட்களே இல்லையே?” அவர் கையில் இருந்தது இன்னொரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரவு முழுதும் ஆனது. எந்த நிறுவனத்துக்காக வேலை நடக்கிறது என்பதைச் செயலி ‘செட்’ கட்டளையால் தரவுத்தள இணைப்பில் குறித்துவைக்கும். விதி அதைப் படித்து வடிகட்டும். நடுவில் இருந்து சில இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்துகொடுக்கும் பிஜிபவுன்சர் என்ற மென்பொருளோ, ஒவ்வொரு பரிவர்த்தனை (ஒன்றாக நடந்து முடியும் கட்டளைகளின் தொகுதி) முடிந்ததும் இணைப்பை அடுத்தவருக்குக் கொடுக்கும் முறையில் ஓடியது. முந்தையவர் வைத்த குறி இணைப்பிலேயே தங்கிவிட்டது. அறிக்கை தயாரிக்கும் பின்னணி வேலை ஒன்று தன் குறியை வைக்காமலே வினவலை அனுப்பியது. விதி தன் கடமையைச் சரியாகவே செய்தது, தவறான நிறுவனத்துக்காக.

தீர்வு, பரிவர்த்தனையோடு முடிந்துபோகும் ‘செட் லோக்கல்’. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பரிவர்த்தனை முடிந்த பிறகு, குறி இருந்த இடம் இல்லாமல் போவதில்லை. எழுத்தே இல்லாத வெற்றுச் சரமாக நிற்கிறது. விதி அதை எண்ணாக மாற்ற முயன்றால் பிழை வரும். அதனால் வெற்றுச் சரத்தை, மதிப்பே இல்லை என்று பொருள்படும் ‘நல்’ ஆக்கும் ‘நல்இஃப்’ செயற்கூறை விதிக்குள்ளேயே வைத்தோம். இப்போது குறி வைக்க மறந்தவருக்கு எதுவும் கிடைக்காது. பிஜிபவுன்சர் போன்ற இணைப்புத் தொகுப்போடு இந்த வசதியைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இந்த ஒரு பத்தியையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் விஷயத்தில் போஸ்ட்கிரெஸ் காட்டும் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். விதிகளுக்கு உட்பட்ட ரோலில் பேக்கப் எடுக்கும் ‘பிஜி டம்ப்’ கருவி ஓடினால், தெரிகிற வரிசைகளை மட்டும் எடுத்துவைத்து வேலை முடிந்ததாகச் சொல்லாது. பிழை காட்டி நின்றுவிடும். பாதித் தரவுள்ள பேக்கப்பை முழுமையானது என்று நம்பி வாழ்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பதிப்பு மாற்றங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லைக் கூடுதல் பாதுகாப்போடு சேமித்துச் சரிபார்க்கும் ஸ்க்ராம் முறை 10இலேயே வந்தாலும், 14இல்தான் இயல்பு அமைப்பானது. பழைய எம்டி5 வடிவில் சேமித்ததை அப்படியே மாற்ற வழியில்லை. ஒவ்வொரு பயனரின் கடவுச்சொல்லையும் புதிதாக வைத்தோம். 15ஆம் பதிப்பு, அட்டவணைகள் இயல்பாகப் போய்ச் சேரும் பொது இடமான ‘பப்ளிக்’ ஸ்கீமாவில் எவரும் எதையும் உருவாக்கலாம் என்ற பழைய தாராளத்தை நிறுத்தியது. ஆனால் அது புதிய தரவுத்தளங்களுக்கு மட்டும். மேம்படுத்திய தரவுத்தளத்தில் பழைய அனுமதி அப்படியே இருக்கும், நாம்தான் பறிக்க வேண்டும்.

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது. அதை ஒட்டி, தரவுத்தளத்தில் நடப்பதைப் பதிந்துவைக்கும் ‘பிஜிஆடிட்’ நீட்டிப்பை விரிவாக இயக்கினோம். சில நாட்களிலேயே வங்கிக் கணக்கு எண்கள் பதிவுக் கோப்புகளில் வரிசையாக விழுவதைப் பார்த்தேன். அட்டவணையைச் சுற்றி இத்தனை காவல் போட்டுவிட்டு, அதே தரவை வெறும் உரைக்கோப்பில் எழுதிக்கொண்டிருந்தோம். வினவலின் மதிப்புகளைப் பதியும் அமைப்பை அன்றே நிறுத்தினோம்.

குறை என்று கேட்டால், தரவுக் கோப்புகளைத் தானே மறையாக்கும் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும்) வசதி போஸ்ட்கிரெஸின் மூலப் பதிப்பில் இல்லை. ஆரக்கிள் தரவுத்தளத்தில் இது பல ஆண்டுகளாக இருக்கிறது. நாங்கள் வட்டு அளவில் மறையாக்கம் செய்கிறோம். கணக்கு எண்களை இப்போது செயலியே மறையாக்கி அனுப்புகிறது. சாவி தரவுத்தளச் சேவையகத்தில் இல்லை.

எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் கணக்கை எந்த விதியும் தடுக்காது. அந்த உரிமை நெடுநாள் என்னிடமே இருந்தது. அறிக்கை ஒன்றுக்காக அவசரத்தில் அப்படி நுழைந்து நான் உருவாக்கிய வியூ (சேமித்துவைத்த வினவல்), எல்லா நிறுவனங்களின் வரிசைகளையும் காட்டிக்கொண்டிருந்ததைப் பின்னர்தான் கண்டேன். இன்று என் அன்றாடக் கணக்குக்குச் சம்பள அட்டவணையைப் படிக்கும் உரிமைகூடக் கிடையாது. தேவைப்பட்டால் இன்னொருவர் ஒப்புதலோடு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன். கடந்த ஆண்டு இரண்டு முறைதான் தேவைப்பட்டது.