எலெக்ட்ரிக் பாய்லர்ல பீர் காய்ச்சுறவங்களுக்கு: ஹீட் கண்ட்ரோல் பத்தி என் நீண்டநாள் அனுபவம்

35 லிட்டர் ஸ்டீல் பாய்லர், அடியில தட்டையா பதிச்ச 3 கிலோவாட் எலிமெண்ட், இதுல தான் ரொம்ப காலமா வீட்டுல பீர் காய்ச்சிட்டு இருக்கேன். பாத்திரத்தைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, கனமான ஸ்டீல், குழாய் ஒழுகல, கழுவ சுலபம், அவ்ளோதான். பேச வேண்டியது எல்லாம் அதோட சூட்டை எப்படி கையில வச்சுக்கறதுங்கறது தான், ஏன்னா பீரோட தரம் பாதி அங்க தான் முடிவாகுது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மாஷ் பண்றப்போ, அதாவது உடைச்ச மால்ட்டை (முளைகட்டி காய வச்ச தானியம்) வெந்நீர்ல ஊறவைக்கிறப்போ, நாம பிடிச்சு வைக்க வேண்டியது டிகிரி, ஆனா கொதிக்க வைக்கிறப்போ பிடிக்க வேண்டியது வாட்ஸ். ரெண்டும் வேற வேற வேலை, ரெண்டையும் ஒரே தெர்மோஸ்டாட்ட நம்பி விட்டா ரெண்டுமே அரைகுறையா தான் வரும்.

பாய்லரோட வந்தது சாதாரண பைமெட்டல் தெர்மோஸ்டாட். டீக்கு வெந்நீர் வைக்க அது போதும். வோர்ட் (மாஷ்ல இருந்து வடியுற இனிப்புச் சாறு) கொதிக்க வைக்க ஆகாது, ஏன்னா அது கொதிநிலைகிட்ட வந்ததும் கட் ஆகும், சில டிகிரி இறங்குற வரைக்கும் சும்மா இருக்கும், அப்புறம் முழு 3 கிலோவாட்டையும் தூக்கிக் குடுக்கும், நுரை கிளம்பும், விளிம்பு வரைக்கும் வரும், திரும்ப கட். ஒரு மணி நேர கொதியில பாதி நேரம் வோர்ட் கொதிக்கவே இல்ல. இதுல நஷ்டம் என்னன்னா, பில்ஸ்னர் மாதிரி வெளிர் மால்ட்ல இருந்து டிஎம்எஸ்னு ஒரு சல்ஃபர் சேர்மம் சூட்டுல உருவாகிட்டே இருக்கும், வேகவச்ச சோளம் மாதிரி வாசனை, அது வெளியேறணும்னா மூடியைத் திறந்து வச்சு விடாம தளதளன்னு கொதிக்கணும். ஹாப்ஸ்ங்கற பூவுல இருந்து பீருக்கு கசப்பு இறங்குறதும் அப்படித்தான், சூடு இறங்க இறங்க அது மந்தமாயிடும்.

சரி, டிஜிட்டல் பிஐடி கண்ட்ரோலர் (சூட்டை அளந்து பவரைத் தானா கூட்டிக் குறைக்கற கருவி) போட்டா தீர்ந்துடும்னு நிறைய பேர் சொல்வாங்க, பாதி தான் உண்மை. தண்ணி கொதிக்க ஆரம்பிச்சுட்டா 1 கிலோவாட் குடுத்தாலும் 100 டிகிரி தான், 3 கிலோவாட் குடுத்தாலும் 100 தான், மாறுறது ஆவியாகுற அளவு மட்டும். அப்போ டார்கெட் 100னு போட்டா பிஐடிக்கு கொதி வேகம் கண்ணுக்கே தெரியாது. 300 மீட்டர் உயரத்துக்கு கிட்டத்தட்ட 1 டிகிரி கொதிநிலை குறையும், அதனால மேட்டு நிலத்துல இருக்கறவங்களுக்கு 100 வரவே வராது, கண்ட்ரோலர் முழு பவரை அள்ளிக் குடுத்துட்டே நிக்கும். அதனால கொதி வந்ததும் பிஐடியை மேனுவல் மோடுக்கு மாத்திடுவேன், பர்சன்ட் மட்டும் செட் பண்ணுவேன்.

எவ்ளோ பர்சன்ட்ங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 1 கிலோ தண்ணி ஆவியாக 2257 கிலோஜூல் வேணும், அதாவது 1 கிலோவாட் ஒரு மணி நேரத்துல அதிகபட்சம் 1.6 லிட்டர் ஆவியாக்கும். 27 லிட்டர்ல மணிக்கு 2.5 லிட்டர் போகணும்னா சுமார் 1.6 கிலோவாட், அதோட பாத்திரச் சுவர் வழியா போற சூட்டையும் சேர்த்தா என் பாய்லருக்கு 60ல இருந்து 65 பர்சன்ட்ல நல்லா உருளுது. வெளிய இன்சுலேஷன் ஜாக்கெட் சுத்தினதும் இன்னும் கொஞ்சம் குறைக்க முடிஞ்சுது, வாங்குறவங்க அதை விட்டுடாதீங்க. முழு பவர் தேவைப்படுறது சூடேத்துறப்போ தான், 20ல இருந்து 100க்கு 27 லிட்டர் போக 2.5 யூனிட் கரண்ட், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். 95 தாண்டினதும் பவரை இறக்கிடுங்க, முதல் நுரை அடங்குற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க.

மாஷ்ல கதை வேற, அங்க பிஐடி உயிர். 62 - 65ல பீட்டா அமைலேஸ்ங்கற நொதி (மாவுச்சத்தை சர்க்கரையா உடைக்கறது) நல்லா வேலை செஞ்சு பீர் இனிப்பு குறைஞ்சு வறண்டு வரும், 70 பக்கம் போனா ஆல்ஃபா அமைலேஸ்ங்கற இன்னொரு நொதி கை ஓங்கி பீர் வாயில கனமா வரும், அதனால ரெண்டு மூணு டிகிரி தாண்டினாலே நீங்க நினைச்ச பீர் வராது. ஆனா கண்ட்ரோலர் எவ்ளோ நல்லதா இருந்தாலும் சென்சார் எங்க இருக்கோ அந்த இடத்து சூடு தான் அதுக்குத் தெரியும். அடியில சென்சார், மேல தானியம்னா டிஸ்ப்ளே 66 காட்டும், தானியத்துக்கு நடுவுல தனி தெர்மாமீட்டர் விட்டா குறைவா இருக்கும். பம்ப் வச்சு வோர்ட்டை மேல ஊத்தி சுத்த விட்டா இந்த இடைவெளி குறையும், ஆனா பம்ப் வேகத்தை அளவா வைக்கணும், தானியம் இறுகி வோர்ட் கீழ இறங்க மறுத்தா எலிமெண்ட் பக்கம் லெவல் குறைஞ்சு அடிப்பிடிக்கும், ஒருதடவை அடிப்பிடிச்சா அந்தக் கருகல் ருசி பீர்ல இருந்து போகவே போகாது. அதுக்காகவே மாஷ்ல பவரை பாதிக்கு மேல விடமாட்டேன், சூடு ஏற நேரம் எடுத்தாலும் பரவால்ல.

பவரை வெட்டி வெட்டி குடுக்கற வேலையை எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையுற பாகம் இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்) பண்ணுது. 2 செகண்ட் சைக்கிள்ல 60 பர்சன்ட்னா 1.2 செகண்ட் ஆன், மிச்சம் ஆஃப், கொதியில எந்தத் தடுமாற்றமும் தெரியாது. சாதாரண ரிலே இவ்ளோ வேகத்துக்கு சீக்கிரம் தேய்ஞ்சுடும். விலை குறைஞ்ச டிம்மர் குமிழ் வகையும் வேலை செய்யும், ஆனா பவர் வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது, வோல்டேஜ் பாதியானா பவர் கால்வாசி, அதனால குமிழ் நடுவுல இருக்கறதை வச்சு பாதி பவர்னு நம்பாதீங்க, பலதுல இருக்கற ஹீட்சிங்க் (சூட்டை வெளியேத்துற உலோகத் துண்டு) 3 கிலோவாட்டுக்கு பத்தவும் பத்தாது. 230 வோல்ட்ல 13 ஆம்பியர் ஓடுறப்போ எஸ்எஸ்ஆரே 15 வாட்ஸ் அளவுக்கு சூடாகும், நல்ல ஹீட்சிங்க், சூடு கடத்துற பேஸ்ட், காத்து போக வழி எல்லாம் கட்டாயம்.

எஸ்எஸ்ஆர் கெட்டுப்போனா பெரும்பாலும் ஆன் நிலையிலேயே மாட்டிக்கும், டிஸ்ப்ளே ஆஃப்னு சொல்லும், எலிமெண்ட் எரிஞ்சுட்டே இருக்கும். அதனால முன்னாடி ஒரு மெயின் சுவிட்ச் தனியா வைங்க, எர்த் சரியா இருக்கணும், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா சப்ளையை வெட்டுற சுவிட்ச்) இல்லாம தண்ணியும் கரண்ட்டும் சேர்ந்த இந்த வேலையில இறங்கவே இறங்காதீங்க, வயரிங் தெரிஞ்சவரை வச்சு பண்ணுங்க.

புதுசா பாய்லர் வாங்குறவங்க டிஸ்ப்ளேயோட அழகை விட்டுட்டு பவரைப் பர்சன்ட்டா குறைக்க வழி இருக்கான்னு முதல்ல கேளுங்க. அது இல்லாட்டியும் ரெண்டு எலிமெண்ட், தனித்தனி சுவிட்ச் இருக்கற மாடல் நல்லது, ரெண்டையும் போட்டு சூடேத்திட்டு கொதிக்கு பெரிய எலிமெண்ட் மட்டும் ஓடினா போதும், கொதிக்க வைக்கறதுக்கு எஸ்எஸ்ஆரே தேவையில்ல.